பாடநெறியும் ஆய்வும்: இலங்கையில் விஞ்ஞான முதுமாணிக் கல்வியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கொழும்பு மாநகரின் வடகிழக்கு எல்லையிலே, பேஸ்லைன் வீதியிலிருந்து அம்பத்தலைக்குச் செல்லும் வீதி பிரியுமிடத்தில் அமைந்துள்ளது ஒருகொடவத்தை. துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளும், கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்குப் போய்வரும் பவுசர்களும் இரவு பகலாக இச்சந்தியைக் கடந்த வண்ணம் இருக்கும். கொழும்புத் தமிழரின் கல்வி பற்றிப் பேசுவோர் கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் நினைப்பரேயன்றி ஒருகொடவத்தையை நினைப்பதில்லை. உயர்கல்வி வரலாறு எழுதப் புகுவோர் இவ்விடத்திலிருந்து தொடங்குவதும் வழக்கமன்று.

ஆயினும் இச்சந்திக்கு அண்மையில் வாழும் ஓர் இளைஞர் கேட்ட கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர் கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையின் இரசாயனப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமைகளில் விடியுமுன் எழுந்து, கண்டி வீதிப் பேருந்திலே நூறு கிலோமீற்றருக்கு மேற் பயணஞ்செய்து, பேராதனையில் விரிவுரை கேட்டு வந்தார். அவர் பதிவு செய்திருப்பது பாடநெறியும் ஆய்வும் இணைந்த முதுவிஞ்ஞானமாணிப் பட்டத்துக்கு. “சேர், பாடங்களை முடித்துவிட்டேன். இத்துடன் நின்றாலும் ஒரு முதுமாணிப் பட்டம் கிடைக்கும். இன்னும் ஓராண்டு ஆய்வென்று அலையத்தான் வேண்டுமா?” என்று அவர் கேட்டபோது, உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. சம்பள உயர்வைக் கொண்டு பார்த்தால் அவருடைய தயக்கம் நியாயமானதே. ஆனால் பாடமும் ஆய்வும் ஒரு பட்டத்துள் ஏன் பிணைக்கப்பட்டன, எவ்வாறு பிணைக்கப்பட்டன என்பதை அறியாமல் அதனை அவிழ்க்கலாமா என்று கூறிவிட முடியாது.

மத்தியகால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் முதுமாணி எனப்பட்டவர் கற்பிக்கும் உரிமை பெற்றவர், அவ்வளவே. புதிதாக ஒன்றைக் கண்டறிந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அவருக்கு இருந்ததில்லை. அறிந்ததை அறிந்தபடி எடுத்துரைப்பதே அவர் தொழில். இந்நிலை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜேர்மனியில். 1824 ஆம் ஆண்டு, தமது இருபத்தொராம் வயதில், யுஸ்ரஸ் லீபிக் என்னும் இரசாயனவியலாளர் கீசன் என்னும் சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் அங்கே அமைத்த ஆய்வுகூடத்தில் மாணவர் பயின்ற முறையே நம் பொருளுக்கு மூலம் எனலாம். மாணவன் முதலில் ஆசிரியருக்குத் தெரிந்த, தனக்குத் தெரியாத கலவைகளைப் பகுத்து விடை கூற வேண்டும். அதன் பின்பு குறித்த சேர்வைகளைத் தயாரித்துக் காட்ட வேண்டும். இவற்றில் கைதேர்ந்த பின்னரே, ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒரு வினா அவனிடம் ஒப்படைக்கப்படும். முதலிரண்டும் பாடநெறி, மூன்றாவது ஆய்வு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாணவன் கடக்கும் அக்கணத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே அறியாமையின் முன் நிற்கின்றனர் என்பது இம்முறையின் சிறப்பு.

இதனை அமெரிக்கா 1876 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது தனதாக்கிக் கொண்டது. பிரித்தானியாவோ நெடுங்காலம் தயங்கியது. ஒக்ஸ்போட் தனது கலாநிதி ஆய்வுப் பட்டத்தை ஏற்படுத்தியது 1917 இல். கேம்பிரிட்ஜ் 1919 இல். எனவே, 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது, நம்மை ஆண்டவர்களின் நாட்டிலேயே ஒழுங்கமைந்த ஆய்வுப் பட்டத்துக்கு நாலைந்து வயதுதான் ஆகியிருந்தது. குடியேற்றநாடுகளின் கல்வி பின்தங்கியிருந்தமைக்குக் காரணம் கூறுவோர் இதனையும் நினைவில் வைத்தல் நன்று.

அயல்நாடாகிய இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1906 முதல் 1914 வரை இருந்த அசுதோஷ் முகர்ஜி, பல்கலைக்கழகம் என்பது பரீட்சை நடத்தும் காரியாலயமாக மட்டும் இருத்தலாகாது என்று கருதியவர். தாரக்நாத் பாலித், ராஷ் பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் வழங்கிய பெருங்கொடையைக் கொண்டு 1914 இல் விஞ்ஞானக் கல்லூரி அங்கே தோன்றியது. அதன் பாலித் பேராசிரியர் பதவிக்கு அவர் அழைத்தவர் தமிழரான சந்திரசேகர வேங்கடராமன்.

இராமனின் வரலாற்றில் நம் ஒருகொடவத்தை இளைஞருக்கு நெருங்கிய ஒரு பகுதி உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் 1907 இல் முதுமாணிப் பட்டம் பெற்ற அவர், அரசாங்க நிதித் திணைக்களத்திற் கணக்கதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். பௌபசார் வீதியில், 1876 இல் நிறுவப்பட்ட விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கட்டடம் ஒன்று பெரும்பாலும் ஆளற்றுக் கிடந்தது. காலையில் அலுவலகத்துக்குப் போகுமுன்னும் மாலையில் அலுவல் முடிந்த பின்னும் அங்கே சென்று அவர் ஆய்வு செய்தார். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்வாறு நடந்தது. 1917 இல் அதிக சம்பளம் தந்த அரசாங்கப் பதவியைத் துறந்து குறைந்த சம்பளப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1928 இல், வற்றாயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவு உலகறிந்தது. வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்பவர் எல்லோரும் இராமனாகிவிடுவர் என்று இங்கு கூற வரவில்லை. அலுவலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையில் ஓடும் வாழ்க்கை இழிவானதன்று, புதியதுமன்று என்பதே கூறத்தக்கது.

இராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரனின் கல்வியும் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. 1942 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்துக்கு மின்பொறியியல் பயிலச் சென்றவர் பௌதிகவியலுக்கு மாறினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பட்டத்தை அவர் பெற்றது, பெங்களூரில் இருந்துகொண்டே சமர்ப்பித்த ஆய்வேட்டின் மூலம். பின்னர் சென்னைக்குப் பேராசிரியராக வந்து, அயலில் இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து கொலாஜன் மாதிரிகளைப் பெற்று, அப்புரதத்தின் முப்புரி அமைப்பை 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். புரதங்களின் வடிவத்தை ஆராய்வோர் இன்றும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபு 1963 ஆம் ஆண்டினது. தோல் பதனிடும் தொழிலுக்கென அமைந்த ஒரு நிறுவனத்தின் அயலில் உலகத்தரமான உயிர்ப்பௌதிகவியல் பிறந்தது என்பதை, தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்வோர் மறந்துவிடலாகாது.

இலங்கைக்கு வருவோம். 1921 சனவரியில் தேர்ஸ்டன் வீதியில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தனக்கெனப் பட்டம் வழங்கும் உரிமையற்றது. மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளை எழுதினர். வினா இலண்டனில் எழுந்தது. விடை கொழும்பில் எழுதப்பட்டு மீண்டும் இலண்டனுக்கே சென்றது. இத்தகைய ஒழுங்கிற் சிறந்த ஆசிரியர் இல்லாமற் போகவில்லை. கணிதத்துறையின் முதற் பேராசிரியர் செல்லப்பா சுந்தரலிங்கம். பின்னாளில் அவர் அரசியல்வாதியாகவே பெரிதும் அறியப்பட்டமை கணிதத்துக்கு நேர்ந்த இழப்பென்பது என் கருத்து. பௌதிகவியலில் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் தலைமுறைகளை உருவாக்கினார். ஆனால் பாடத்திட்டம் எங்கோ வகுக்கப்பட்டு, பரீட்சை எங்கோ திருத்தப்படும் கல்லூரியில் ஆய்வென்பது ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வமாக இருக்க முடியுமேயன்றிக் கற்பித்தலின் ஒரு பகுதியாக இருக்க முடியாது.

1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதிலிருந்து மூன்று மாதம் கழியுமுன், யூலை 1 ஆந் திகதி, ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. இனி இந்நாட்டிலேயே முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் வழங்கலாம். ஆனால் விஞ்ஞானத்தில் அவ்வுரிமை நெடுங்காலம் அரிதாகவே பயன்பட்டது. பெருந்திறமை வாய்ந்தவர் கப்பலேறினர். யாழ்ப்பாணத்திற் பிறந்த சீ. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் மாமேதையின் வழிகாட்டலில் ஆய்வு செய்து திரும்பி, கணிதப் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்து, 1959 இல் மலாயாவுக்கும் பின் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றார். வடமராட்சியைச் சேர்ந்த அழகையா துரைராஜா இலங்கையில் எந்திரவியற் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் மண் பொறிமுறையியலில் ஆய்வு செய்தார். ஈரக் களிமண் எவ்வாறு நெகிழ்கிறது என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை அத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. மூவர் பெயரில் மூன்றாவதாக ஒரு தமிழ் மாணவனின் பெயர் நிற்கிறது.

இவர்கள் பெற்ற பயிற்சியின் உயர்வைப் பற்றி ஐயமில்லை. ஆனால் கப்பலேற முடியாதவனின் நிலை என்ன? இங்கேயே தங்கி முதுவிஞ்ஞானமாணிக்குப் பதிவு செய்தவனுக்குப் பெரும்பாலும் பாடநெறி என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மேற்பார்வையாளர், ஒரு மேசை, ஒரு தலைப்பு. அத்தலைப்பை அறிந்தவர் நாட்டில் மேற்பார்வையாளர் ஒருவராகவே இருப்பார். அவரும் ஆய்வு விடுமுறையில் வெளிநாடு சென்றுவிட்டால் மாணவன் அநாதை. சஞ்சிகைகள் கடற்றபாலில் மாதக்கணக்கிற் பிந்தி வரும். எழுபதுகளின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டபோது இரசாயனப் பொருள்களைத் தருவிப்பதே பெரும்பாடாயிற்று. பட்டதாரியாகும்வரை பரீட்சைக்கு விடை எழுதியே பழகிய ஒருவனை, எவ்வித இடைப்பயிற்சியும் இன்றி, விடையற்ற வினாவின் முன் தனியே நிறுத்துவது இம்முறை. லீபிக்கின் மூன்று படிகளில் முதலிரண்டையும் நீக்கிவிட்டு மூன்றாவதில் ஏறச் சொல்வது போன்றது அது. நீந்தியவர் கரை சேர்ந்தனர். மூழ்கியவர் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை.

தமிழ் மாணவர்க்கு இதில் இன்னுமோர் இடர் இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் விஞ்ஞான நூல்களையும் தமிழில் வெளியிட்டது. அதன் பயனாகப் பாடசாலையில் உயர்தர வகுப்புவரை விஞ்ஞானம் தமிழிற் பயிலலாயிற்று. ஒட்சிசனும் ஐதரசனும், அமுக்கமும் உராய்வும் நம் சொற்களாயின. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில். ஆய்வேடும் ஆங்கிலத்தில். பாடநெறியற்ற ஆய்வுப் பட்டம் இத்தகைய மாணவனிடம் துறையறிவையும் துறைமொழியையும் தனிமையில் ஒருங்கே தேடிக்கொள்ளுமாறு கேட்டது. விரிவுரை மண்டபத்தில் இருபது பேருடன் உட்கார்ந்து, ஓராண்டேனும் அத்துறையின் மொழியைக் கேட்டுப் பேசி எழுதிப் பழகிய பின் ஆய்வுக்குச் செல்வது எத்துணை வேறுபட்டது என்பதைத் தமிழ்மொழி மூலம் வந்தவர்களே நன்கறிவர். பாடநெறிக்கு ஆதரவாக நான் கூறக்கூடிய தலையாய நியாயம் இதுவே.

ஆனால் தனிமை ஆய்வுக் காலத்தை முற்றிலும் இருண்ட காலமென்று கூறுதல் தவறாகும். 1961 இல் பேராதனையிலும் விஞ்ஞான பீடம் தோன்றியது. அங்கே இரசாயனவியற் பேராசிரியராக விளங்கிய எம். யூ. எஸ். சுல்தான்பாவா, வெளிநாட்டு ஆய்வுகூடங்களின் எச்சில் தலைப்புகளைத் தேடாமல் இந்நாட்டுக் காட்டை நோக்கினார். புன்னையும் நாகமரமும் கொறுக்காயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக அக்காலத்தில் கொள்ளப்பட்டன. அவற்றின் பட்டையிலும் வைரத்திலும் சாந்தோன்கள் எனப்படும் மஞ்சள் நிறச் சேர்வைகள் உள்ளன. எம் பாட்டிமார் கொறுக்காய்ப் புளியை மீன் கறியில் இட்டார்கள். பேராதனை மாணவர்கள் அதன் இனத்து மரங்களின் பட்டையைக் காயவைத்து, தூளாக்கி, கரைப்பான்களிற் பிரித்தெடுத்து, நிரல்நிரலாகப் புதிய சேர்வைகளை அறிவித்தார்கள். தாவரவியலாளர் எஸ். பாலசுப்பிரமணியம் மரங்களை இனங்காணத் துணைநின்றார். எஸ். சோதீஸ்வரன் போன்ற இரசாயனவியலாளர் அக்குழுவில் உழைத்தனர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இதே குழு டிப்ரரோகாப்பசுக் குடும்பத்து மரங்களை எடுத்துக்கொண்டது. சிங்களத்தில் ‘ஹல்’ எனப்படும் வற்றேரியா கொபாலிபெரா மரத்திலிருந்து கிடைத்த சேர்வைக்குக் கொபாலிபெரோல் என்று பெயரிட்டனர். இலங்கைக்கே உரித்தான ஸ்ரெமனோபோரஸ் சாதியிலிருந்து பெற்றது ஸ்ரெமனோபோரோல் எனப்பட்டது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு மரச்சாதியின் பெயர் இரசாயன நூல்களில் இவ்வாறு நிலைத்தது. 1983 இல் இவை பற்றிப் பிரித்தானிய இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையில், சோதீஸ்வரன், சுல்தான்பாவா ஆகியோரின் பெயர்களுடன் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் பிளேடனின் பெயரும் உள்ளது. மரமும் கேள்வியும் உழைப்பும் நம்முடையவை. சேர்வையின் அமைப்பை உறுதிசெய்யும் வேலையில் வெளிநாட்டுத் துணையும் சேர்ந்தது. இதனை வெட்கத்துக்குரியதாக நான் கருதவில்லை. இங்கேயே இருந்து, இங்குள்ள பொருளைக் கொண்டு, உலகம் ஏற்கும் விஞ்ஞானத்தைச் செய்ய முடியுமென்று அக்குழு காட்டிற்று. மேலும் அங்கே சேர்ந்த மாணவன் தனியனல்லன். முன்னே சென்ற மாணவன் பிரித்தெடுக்கும் முறையைப் பின்னே வந்தவனுக்குக் கற்பித்தான். பெயரில்லாவிட்டாலும் அது ஒரு பாடநெறியே.

அதனைப் பெயருடனும் ஒழுங்குடனும் செய்யும் முயற்சி முதலில் விவசாயத்துறையில் வந்தது. 1975 இல் பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் நிறுவப்பட்டது. பாடங்களைக் கற்கை அலகுகளாகப் பகுத்து, அவற்றின்மேல் ஆய்வை அமைக்கும் அமெரிக்க வழக்கம் இங்கு வேரூன்றியது. மருத்துவப் பட்டப்பின்படிப்புக்கென அடுத்த ஆண்டு ஒரு நிறுவகம் எழுந்தது. அடிப்படை விஞ்ஞானங்கள் காத்திருந்தன. பயிரும் நோயும் அரசாங்கத்தின் கண்ணில் உடனே படும்; தூய கணிதமும் இரசாயனமும் அவ்வாறு படுவதில்லை.

இதே ஆண்டுகளில் வடக்கே யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. 1974 ஒக்ரோபரில், பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு அது திறக்கப்பட்டது. விஞ்ஞான பீடம் முதலில் வட்டுக்கோட்டையில் இயங்கிப் பின்பு திருநெல்வேலிக்கு வந்தது. 1979 சனவரி முதல் அது தனிப் பல்கலைக்கழகம். தரப்படுத்தலால் மனங்கசந்திருந்த ஒரு சமூகத்துக்கு இது பெரும் ஆறுதல். எனினும் இளநிலைப் பட்டத்துக்கு ஆசிரியரைத் தேடுவதே பெரும்பாடாக இருந்த பீடத்தில் பட்டப்பின்படிப்பு மெல்லவே முளைத்திருக்க முடியும். அம்முளையையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1983 யூலையின் பின் கொழும்பிலும் பேராதனையிலுமிருந்து தமிழ் விரிவுரையாளர் பலர் நாடு நீங்கினர். மாணவரும் பின்தொடர்ந்தனர். ஒரு விரிவுரையாளர் சென்றால் ஒரு பதவி வெற்றிடமாகும் என்று நிருவாகம் கணக்கிடும். உண்மையில் அவருடன் அவர் மேற்பார்வை செய்திருக்கக்கூடிய ஆய்வேடுகள் அனைத்தும் சென்றுவிடுகின்றன.

1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டன. கேம்பிரிட்ஜில் களிமண்ணை ஆராய்ந்த அதே துரைராஜா அப்போது துணைவேந்தர். மிதிவண்டியிலே பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவந்தவர். 1994 யூனில் அவர் காலமானார். 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. அக்காலத்துப் பௌதிகவியல், இரசாயனவியல் ஆய்வுகூடங்களில் என்ன நடந்திருக்க முடியும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். பரீட்சைகளையேனும் நடத்தி முடித்தமை அவ்வாசிரியர்களின் மன உறுதிக்குச் சான்று.

வடக்கு இவ்வாறிருக்க, 1996 இல் பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் நிறுவப்பட்டது. வார இறுதிகளில் வகுப்புகள் நடந்தமையால் ஆசிரியர், பரிசோதனைக்கூட உத்தியோகத்தர், வங்கியிற் புள்ளிவிபரம் பார்ப்பவர் என வேலைசெய்வோர் அங்கே வந்து சேரலாயினர். இது சிறிய மாற்றமன்று. முதல் வகுப்புச் சித்தியும் முழுநேர ஓய்வும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் உடையவர்க்கே உரியதாயிருந்த முதுமாணிக் கல்வி, பேருந்துக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கட்டக்கூடியவர்க்கும் எட்டிற்று. கட்டணம் குறைவென்று கூறமாட்டேன். குடும்பத்தைத் தாங்கும் ஒருவரின் சம்பளத்தில் அது பெருஞ்சுமையே.

எல்லோருக்கும் எட்டச்செய்த அதே ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் இருந்தது. வார இறுதியில் விரிவுரை நடத்தலாம், பரீட்சை வைக்கலாம். ஆய்வை வார இறுதிக்குள் அடக்குவது அரிது. வளர்ப்பூடகத்தில் இட்ட நுண்ணுயிர் சனிக்கிழமைவரை காத்திராது. எனவே நாளடைவில் பாடநெறி பெருத்து, ஆய்வு ஒரு சிறு அறிக்கையாகச் சுருங்கும் போக்குத் தோன்றியது. இதனை ஒழுங்குசெய்ய முற்பட்டது 2012 இல் வெளியான இலங்கைத் தகைமைகள் சட்டகம். அதன்படி முப்பது கற்கை அலகுகள் கொண்ட பாடநெறி முதுமாணி ஒன்பதாம் மட்டத்தது. பாடநெறியுடன் ஆய்வும் சேர்ந்து அறுபது அலகுகள் கொண்டது பத்தாம் மட்டத்தது. முழுமையான ஆய்வுப் பட்டமாகிய முதுதத்துவமாணி பதினோராவது, கலாநிதி பன்னிரண்டாவது. ஓர் அலகு என்பது மாணவரின் ஐம்பது மணிநேர உழைப்பு.

நம் இளைஞரின் கேள்வி இந்த ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட படியிலேதான் நிற்கிறது. சட்டகம் அப்படியை அளந்து காட்டியது நன்றே. முன்பு இரண்டும் ஒரே பெயரில் மறைந்திருந்தன. ஆயினும் அளந்து காட்டியதனாலேயே, ஒன்பதில் இறங்கிவிடலாம் என்னும் எண்ணமும் எளிதாயிற்று. இந்தியாவிலும் இதையொத்த ஒரு கதை உண்டு. பாடமும் ஆய்வேடும் இணைந்த ஆய்வியல் நிறைஞர் பட்டம் எழுபதுகளிலிருந்து தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் ஆயிரக்கணக்கானோரை முதன்முதலாக ஆய்வுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் தரம் பற்றிக் குறை கூறியோர் பலர், குறைகளும் இருந்தன. 2020 இன் தேசியக் கல்விக் கொள்கை அதனைக் கைவிடுமாறு கூற, 2022 இன் விதிகளுடன் அது முடிவுற்றது. கலாநிதிப் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகளை ஒதுக்க இயலாத ஒரு கிராமப்புற ஆசிரியர்க்கு இருந்த நடுப்படி இதனால் இல்லாமற் போயிற்று. நம் நாட்டில் அந்நடுப்படி இன்னும் இருக்கிறது. கேட்பாரின்றிப் போனால் இங்கும் அது ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் ஒரே மாலையிற் சொல்லவில்லை. வேறொரு கேள்வியையே திருப்பிக் கேட்டேன்: “நீர் படித்த பகுப்பாய்வுப் பாடங்களில், உமது வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் விடை தெரியாமல் இருப்பது எது?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. ஒருகொடவத்தைக்கு வடக்கே களனி ஆறு ஓடுகிறது. மேலே அம்பத்தலையிற் கொழும்பின் குடிநீர் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. வரட்சிக் காலத்தில் கடலுப்பு ஆற்றுவழியே ஏறி அந்நிலையத்தை அச்சுறுத்துவதும், மழைக்காலத்தில் ஆறு பெருகி இக்குடியிருப்புகளுள் புகுவதும் அவர் சிறுவயது முதற் கண்டவை. வெள்ளம் வடிந்தபின் முற்றத்திற் படியும் சேற்றில் என்ன இருக்கிறது? கொள்கலன் முற்றங்களும் எண்ணெய்த் தாங்கிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த நிலத்தைக் கழுவிவரும் நீரல்லவா அது? ஈயமா, கட்மியமா, எவ்வளவு, எந்த ஆழத்தில்? அணு உறிஞ்சல் நிறமாலைமானியை இயக்க அவர் பாடநெறியிற் கற்றிருக்கிறார். செறிவு தெரிந்த கரைசல்களில் நூறு தடவை அளந்தும் இருக்கிறார். செறிவு தெரியாத ஒன்றை இதுவரை அளந்ததில்லை.

சென்ற மாதம் அவரைச் சந்தியிற் கண்டேன். தோளில் ஒரு பை. அதனுள் அமிலத்திற் கழுவி உலர்த்திய பொலித்தீன் போத்தல்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இடமும் திகதியும் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. முதலாவது சீட்டில் அவருடைய ஒழுங்கையின் பெயர் இருந்தது.